வால்வின் மீது வீண்பழி

பழைய வால்வு ரிக்கார்டு பிளேயர் ஊமையானால் எல்லாரும் முதலில் பழிப்பது வால்வைத்தான். அடுத்துக் கிடைக்கும் யோசனை, உள்ளிருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓர் ஐசி போர்டைப் பொருத்திவிடலாம் என்பது. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

வால்வு எளிதில் சாவதில்லை. செத்தாலும் இஎல்84 போன்றவை ஸ்லோவாக்கியாவில் இன்றும் தயாராகின்றன. உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் காகிதக் கண்டென்சர். வயதேறிய கண்டென்சர் கசியத் தொடங்கினால் அவுட்புட் வால்வின் கிரிட்டில் வேண்டாத நேர்மின்னழுத்தம் ஏறும், வால்வு கொதிக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியக்கூடும். அந்தச் சில ரூபாய்ப் பொருளை மாற்றாமல் புது வால்வைச் செருகினால் அதுவும் முன்னதன் வழியே போகும்.

'ம்ம்' என்ற இரைச்சல் ஓயாதிருந்தால் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வற்றியிருக்கலாம். (பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும், வெறுங்கை வைக்கலாகாது.) இரைச்சலின்றி ஓசை மட்டும் மெலிந்தால் பிக்கப்பைப் பார்க்க வேண்டும். பழைய பிக்கப்புகள் பலவற்றில் இருப்பது ரோஷெல் உப்புப் படிகம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது இளகிவிடுகிறது. செராமிக் பிக்கப் போட்டால் மீண்டும் பாடும்.

ஏட்டுச்சுவடியில் ஒரு சொல்லைச் செல்லரித்திருந்தால் அந்தச் சொல்லைத்தானே தேடுகிறோம்? பாட்டையே புதிதாக எழுதி ஒட்டுவதில்லையே.

ஏற்கெனவே போர்டு மாட்டியாயிற்று என்றால், கழற்றிய வால்வுகளையும் டிரான்ஸ்பார்மரையும் கடையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.