அடும்பங் கொடியை அழித்தல் தகாது

சோழமண்டலக் கரையை அடுத்த கிராமங்களில், மணல் மேடுகளில் படரும் அடும்பங் கொடியை வீண் களையென்று கருதி வெட்டியெறிவோர் உளர். கால்நடைகள் அதனை விரும்பி மேய்வதில்லை. சந்தையில் அதற்கு விலையுமில்லை. ஆதலின் அது போனாலென்ன என்பது அவர்கள் கூற்று. இவ்வெண்ணம் முடிவில் குடியானவருக்கே நஷ்டம் விளைப்பதாகும்.

அடம்பு என்றும் வழங்கும் இக்கொடியை அறிவது எளிது. தண்டு மணலின்மேல் நெடுந்தூரம் ஓடிக் கணுக்களில் வேர்விடும். கிள்ளினால் பால் வடியும். இலை தடித்து வழவழப்பாய், நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். அவ்வடிவைச் சங்கப் புலவர் மானடிக்கு ஒப்பிட்டனர். தாவர நூலார் வழங்கும் லத்தீன் பெயரோ ஆட்டின் அடி எனப் பொருள்படும். பூ புனல் வடிவினது. நிறம் இளஞ்சிவப்புக் கலந்த ஊதா. உட்புறத்தில் அந்நிறம் செறிந்திருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவும் ஏறக்குறைய இதனையே ஒக்கும். ஆனால் அது குட்டை, வாய்க்கால்களில் புதராய் நிமிர்ந்து வளர்வது. அதன் இலையில் இப்பிளவு இல்லை.

அடும்பம்பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். வெயில் ஏறுமுன் மணல் மேட்டிற்குச் செல்வோர்க்கு வெண்மணலும் பசுங்கொடியும் ஊதா மலர்களும் ஒருங்கே கண்ணுக்கு விருந்தாகும். அவ்வேளையில் தேனீக்களும், மரந்துளைக்கும் பெரிய கருவண்டுகளும் பூவுக்குப் பூ தாவுவதைக் காணலாம். ஒரு கொடியின் மகரந்தம் அதே கொடியின் பூக்களில் பெரும்பாலும் விதை பிடிக்கச் செய்வதில்லை. ஆதலின் இவற்றின் உதவி அதற்கு இன்றியமையாதது.

அவ்வுதவி வயலுக்கும் உரியது. பூசணி, வெள்ளரி, தர்ப்பூசணி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாதலின், தேனீக்கள் வாராவிடில் பிஞ்சு பிடியாது. முருங்கைப் பூவிற்கும் கருவண்டு சிறந்த துணை. பயிர்கள் பூவாத மாதங்களில் இவ்வுயிர்கள் எதை உண்டு பிழைக்கும்? ஆண்டின் பெரும்பகுதி பூக்கும் அடும்பு அக்குறையை ஓரளவு தீர்க்கின்றது. அன்றியும், காற்றில் பறக்கும் மணலைக் கொடியும் வேரும் தடுத்து நிறுத்துவதால், பின்னாலுள்ள நிலங்கள் மணல் மூடாமல் தப்புகின்றன.

சவுக்கை வைத்தால் போதாதா எனலாம். சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகும் தரும். ஆனால் அதன் பூ காற்றினால் மகரந்தம் பெறுவது, தேன் தருவதில்லை. அடர்ந்த தோப்பின் நிழலிலும் சருகிலும் அடும்பு செழிக்காது. எனவே சவுக்கைக் கரையின் உட்புறத்தே நட்டு, கடலை நோக்கிய மேட்டை அடும்புக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் விட்டுவிடுவதே முறை.

படகிழுக்கவும் வலை உலர்த்தவும் இடம் வேண்டுமென்பது நியாயமே. அதற்கு வேண்டிய அளவு மட்டும் வழி ஒதுக்கி, எஞ்சியதைத் தொடாதிருக்கலாம். 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல் மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய இடங்களுள் வைத்துள்ளது. மேட்டைத் தோண்டி மணல் அள்ளுவதைத் தடுக்கும் கிராம அலுவலர், அதன்மேல் படர்ந்த கொடியையும் மேட்டின் ஒரு பகுதியாகவே கருதுதல் வேண்டும். நிலமுடையோர் செய்யவேண்டுவது அதனினும் எளிது. உழவோ உரமோ நீரோ வேண்டாத இக்கொடியை அதன் இடத்தில் இருக்க விடுவதொன்றே போதும்.