மூலையில் தொடங்கும் போர்வை

மார்கழி பிறந்துவிட்டால் தமிழர் இல்லங்களில் பொங்கலைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. புதுப்பானை எங்கே வாங்குவது, சாலைக் கம்போளத்திற்குக் கரும்பு என்று வந்து சேரும், ஊரிலிருந்து யார் யார் வருவார்கள் என்னும் கேள்விகளுக்கிடையே, அண்மைக் காலமாக வேறொரு பேச்சும் நம் குடும்பங்களில் அடிபடுகிறது. பெண்மக்கள் சிலர் குரோஷா ஊசியும் கம்பளி நூலும் கொண்டு, பண்டிகைச் சித்திரம் அமைந்த போர்வைகளைப் பின்னத் தொடங்கியிருக்கிறார்கள். பானையும் கரும்பும் சூரியனும் கோலமும் அப்போர்வையில் கட்டங்கட்டமாக எழுகின்றன. இம்முறைக்கு ‘மூலைக்கு மூலை’ பின்னல் என்று பெயர். இத்திங்கள் அதனைக் குறித்தே எழுதக் கருதினோம். செய்முறையைச் சொல்வது ஒரு நோக்கம். அதன் பின்னே நிற்கும் உழைப்புக்கு நாம் என்ன மதிப்புத் தருகிறோம் என்று கேட்பது மற்றொரு நோக்கம்.

வழக்கமான குரோஷாப் போர்வையைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்குவார்கள். போர்வை எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு நீளத்திற்கு முதலிலேயே சங்கிலி போட்டாக வேண்டும். நூற்றைம்பது, இருநூறு கண்ணிகளை எண்ணிப் போட்டு, நடுவில் ஒன்று தவறினால் எல்லாவற்றையும் அவிழ்க்க நேரும். மூலைக்கு மூலை முறையில் இத்தொல்லை இல்லை. ஆறே ஆறு சங்கிலிக் கண்ணிகளோடு ஒரு மூலையில் வேலை தொடங்குகிறது. வரிசைக்கு ஒரு கட்டம் கூடிக்கொண்டே போகிறது. வேண்டிய அகலம் வந்ததும், கூட்டியது போலவே வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால், எதிர் மூலையில் ஒற்றைக் கட்டமாக வேலை முடிகிறது.

இனிச் செய்முறையைக் காண்போம். ஆறு சங்கிலி போட்டுக்கொள்க. ஊசியிலிருந்து எண்ணி, நான்காம் சங்கிலியில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று, ஆறாவதில் ஒன்று என மூன்று நெடுங்கண்ணிகள் போடுக. நெடுங்கண்ணி என்று நாம் கூறுவது, நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, சங்கிலிக்குள் நுழைத்து இழுத்து, ஊசியில் நிற்கும் மூன்று வளையங்களை இரண்டிரண்டாக இருமுறை கழிப்பதாகும். இங்கிலாந்துப் புத்தகங்கள் இதனை ட்ரெபிள் என்கின்றன. அமெரிக்கப் புத்தகங்கள் இதனையே டபுள் என்கின்றன. புத்தகம் எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளாமல் தொடங்குகிறவர்கள் வழி தவறுவது இவ்விடத்தில்தான்.

மூன்று நெடுங்கண்ணிகளும் அவற்றின் பக்கத்தே நிற்கும் மூன்று சங்கிலிகளின் வளைவும் சேர்ந்ததே முதற்கட்டம். வேலையைத் திருப்பி, மறுபடியும் ஆறு சங்கிலி போட்டு, முன்போலவே ஒரு கட்டம் அமைக்க. பிறகு முதற்கட்டத்தின் சங்கிலி வளைவில் ஊசியை நுழைத்து, நழுவு கண்ணியால் இணைத்து, மூன்று சங்கிலி போட்டு, அதே வளைவுக்குள் மூன்று நெடுங்கண்ணிகள் போடுக. இப்போது இரண்டாம் வரிசையில் இரண்டு கட்டங்கள் நிற்கும். இவ்வாறே மூன்றாம் வரிசையில் மூன்று, நான்காம் வரிசையில் நான்கு என வளரும். குறைக்கும் காலத்தில், வரிசைத் தொடக்கத்தில் ஆறு சங்கிலி வேண்டா. முந்தைய கட்டத்தின் மூன்று கண்ணிகள்மீது நழுவு கண்ணியால் நகர்ந்து வளைவுக்கு வந்து, அங்கிருந்து கட்டத்தைத் தொடங்குக. வரிசை இறுதியில், கடைசி வளைவில் நழுவு கண்ணியோடு நிறுத்திவிடுக. சதுரத்துக்குப் பதிலாக நீள்சதுரம் வேண்டுவோர், அகலம் நிறைந்த பக்கத்தில் குறைத்தும் மற்றப் பக்கத்தில் கூட்டியும் சென்றால், வேண்டிய நீளம் வரும்வரை வரிசையின் கட்ட எண்ணிக்கை மாறாது நிற்கும்.

இக்கணக்கு நம் சகோதரிகளுக்குப் புதிதன்று. இடுக்குப் புள்ளிக் கோலத்தில் நடுவே 7 புள்ளி வைத்து, மேலும் கீழும் 6, 5, 4, 3, 2, 1 என்று முடிக்கிறோம் அல்லவா? மொத்தம் 49 புள்ளிகள். ஏழு கட்ட அகலமுள்ள சதுரப் பின்னலிலும் வரிசைகள் 1, 2, 3 என ஏறி 7-ஐத் தொட்டு மீண்டும் 1-க்கு இறங்குகின்றன; மொத்தம் அதே 49 கட்டங்கள். கோலப் புத்தகம் படித்த கண்ணுக்கு இப்பின்னலின் வரைபடம் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

சித்திரம் வேண்டுவோர் பிள்ளைகளின் கணக்கு நோட்டிலுள்ள கட்டத்தாளை எடுத்துக்கொண்டால் போதும். தாளின் ஒரு கட்டம் பின்னலின் ஒரு கட்டமாகும். பானைக்கு மஞ்சள், கரும்புக்குப் பச்சையும் ஊதாவும், சூரியனுக்குச் சிவப்பு என வண்ணமிட்டு, ஒரு மூலையிலிருந்து சாய்வாகப் படித்துக்கொண்டே பின்ன வேண்டும். உழுகிறவன் ஒரு சாலில் போய் அடுத்த சாலில் திரும்பி வருவதுபோல, ஒரு வரிசையைக் கீழிருந்து மேலாகவும் அடுத்ததை மேலிருந்து கீழாகவும் படிக்க வேண்டும் என்பதை மறவாதிருத்தல் நலம். முடித்த வரிசைகளைத் தாளில் பென்சிலால் அடித்துவிடுவது இன்னும் நலம். நிறம் மாறுமிடத்தில், பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முடிக்கும்போதே புதிய நிறத்தை இழுத்துக்கொள்க. ஒவ்வொரு நிறப் பரப்புக்கும் தனித்தனி நூலுருண்டை வைத்துக்கொண்டால் பின்புறம் நூல் தொங்காது. முதன்முதல் முயல்வோர் சித்திரத்தை விட்டு, சில வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் போதும். காவியும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகள் அமைந்து, கோயில் மதிலை நினைவூட்டும் அழகு வந்துவிடும்.

நூலைப் பற்றி ஒரு சொல். அக்ரிலிக் நூல் மலிவு, சாயம் நிற்கும், விரைவில் உலரும். ஆனால் அது நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பொங்கல் அடுப்பருகிலும் கார்த்திகை விளக்கருகிலும் அதற்கு இடம் கொடுக்கலாகாது. கைக்குழந்தைக்குப் பருத்தி நூலே தக்கது. ஆண்டில் இருமுறை பருவமழை பெய்யும் இத்திருவனந்தபுரத்தில் பருத்திப் போர்வை உலர நாளாகும் என்பது மெய்யே. துவைத்த போர்வையை முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துக. கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் நீண்டு உருக்குலைந்துவிடும்.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. கையில் உள்ள நூல் எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாமலே வேலையைத் தொடங்கலாம். நாற்பது கட்டச் சதுரத்தில் நடுவரிசை முடியும்வரை 820 கட்டங்கள். அதன்பின் 780 கட்டங்கள். ஆகவே நூல் ஏறக்குறையப் பாதி தீர்ந்ததும் குறைக்கத் தொடங்கினால், உள்ள நூலுக்குள் வேலை முடிந்துவிடும். இருப்பதைக் கொண்டு ஒரு மூலையில் குடித்தனம் தொடங்கிப் பின்னர் விரித்துக்கொண்ட நம் போன்ற குடும்பங்களுக்கு இக்கணக்கு உவப்பானதாகவே இருக்கும்.

இதுவரை சொன்னது கைக்கணக்கு. இனி நேரக்கணக்கைப் பார்ப்போம். நடுத்தரப் பருமனுள்ள நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் கொண்டு பின்னினால் ஒரு கட்டம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரும். 40 கட்ட அகலமும் 50 கட்ட நீளமும் உள்ள சிறு போர்வை, தொட்டிற் பிள்ளைக்குப் போதுமானது. அதில் 2000 கட்டங்கள், 89 சாய்வரிசைகள், 6000 நெடுங்கண்ணிகள். கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 2000 நிமிடம் என்பது 33 மணி 20 நிமிடம். ரயில்வே அலுவலகத்தில் மணிக்கணக்கும் நாட்கணக்கும் எழுதிப் பழகிய நமக்கு, இது எட்டு மணி வேலைநாள் நான்குக்கும் மேற்பட்டது என்று சொல்லப் பிறர் உதவி வேண்டியதில்லை. நிறம் மாற்றுவதும் நுனிநூல் மறைப்பதும் இதில் சேரவில்லை.

நம் குடியிருப்பில் ஒரு சகோதரி உறவினர் ஒருவரின் பேரப்பிள்ளைக்காக இத்தகைய போர்வை ஒன்று பின்னிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர்கள் நூல் விலையைக் கேட்டு எண்ணிக் கொடுத்தார்கள். இனிப்பும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். “சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே அக்கா” என்று ஒரு வார்த்தையும் சொல்லிப் போனார்கள். அவர்களிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் நான்கு நாள் வேலை ‘சும்மா’ ஆகிவிட்டது. அதே வீட்டில் குழாய் பழுதுபார்க்க வந்தவருக்கு அரைமணி வேலைக்குக் கூலி பேசித்தான் கொடுத்திருப்பார்கள்.

கைப்பின்னலைப் பொழுதுபோக்கென்று கருதும் இவ்வழக்கம் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று. நாகர்கோவில் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும்வரை இத்திருவனந்தபுரத்தைச் சார்ந்தே இருந்தது. (அவ்வூருக்கு இங்கிருந்து ரயில் ஓடத் தொடங்கியது 1979-இல்தான்.) அங்கே 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அது தலையணைமீது நூற்கட்டைகள் கொண்டு செய்வது, குரோஷா அன்று. எனினும் நூலும் விரலும் பொறுமையும் இரண்டுக்கும் பொது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. அதனை முற்றாக ஒழிக்கும் அரச விளம்பரம் 1855-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்னரே, ரேந்தை விற்ற பணத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. கைவேலையின் கூலி ஒரு மனிதரின் விடுதலைக்கு ஈடாக நின்ற நாடு இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூர் வட்டாரத்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா ரேந்தை பின்னுகிறார்கள்; அது வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அவர்களிடையே ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும், ‘வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வில் செய்வது’ என்று அவ்வுழைப்பு கருதப்பட்டது. அதனாலேயே கூலி மிகக் குறைவாக நின்றது. ஆதாயம் வணிகர்க்குச் சென்றது என்று அவர் எடுத்துக்காட்டினார். நம் குடியிருப்பில் கேட்ட அந்த ஒரு வார்த்தைதான் அங்கே ஒரு தொழிலுக்கே கூலி விகிதமாக அமைந்துவிட்டது.

மற்றொரு செய்தி பலர் அறியாதது. இரண்டு ஊசி கொண்டு பின்னும் பின்னலுக்கு 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் பொறி கண்டுவிட்டார். குரோஷாவுக்கோ, ஆராய்ச்சிக்கூட முயற்சிகள் இருப்பினும், சந்தைக்குச் சரக்குச் செய்து தள்ளும் பொறி இன்னும் வரவில்லை. அதனைப் போன்ற தோற்றமுடைய துணியைப் பொறிகள் செய்கின்றன. உண்மையான குரோஷா ஒவ்வொரு கண்ணியும் ஒருவர் கையால் ஆனது. ஆகவே கடையில் குரோஷாச் சட்டையோ போர்வையோ மிக மலிவாகத் தொங்குமாயின், மலிந்தது பொறியின் வேலையன்று. யாரோ ஒருவருடைய கையின் நேரம்.

இக்கைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன செய்யும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் குழுவினர், 2016 ஜனவரி 31-ஆம் நாள் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை நிகழ்த்தினார்கள். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள கால்பந்து மைதானத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு அது. வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் தனித்தனியே பின்னிய துண்டுகள் அங்கே ஒன்றாயின. பின்னர்ப் பிரிக்கப்பட்டு எளியோருக்குப் போர்வைகளாயின. அவர்கள் அவ்வுழைப்பைத் தாமே விரும்பி ஈந்தார்கள். ஈவது வேறு, மதிக்கப்படாமற் போவது வேறு.

ஆதலின் நம் சங்கக் குடும்பங்களுக்கு இவ்வளவே விண்ணப்பம். போர்வை பின்னும் சகோதரிகள் கட்டத்தாளின் ஓரத்தில் தங்கள் மணிக்கணக்கையும் குறித்து வைப்பீர்களாக. விலைக்குக் கொடுக்கும்போது நூல் விலையையும் மணிக்கூலியையும் தனித்தனியே எழுதுவீர்களாக. அன்பளிப்பாகக் கொடுப்பதாயின் அந்தத் தாளையும் மடித்துப் போர்வைக்குள் வைத்துக் கொடுங்கள். பெறுகிறவர் எதைப் பெற்றோம் என்று அறியட்டும். பெற்றுக்கொள்ளும் அன்பர்கள், நூல் என்ன விலை என்று கேட்பதற்கு முன் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பார்களாக.

பொங்கலுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. நாளொன்றுக்கு ஒன்றரை மணி ஒதுக்கினால், இன்று ஆறு சங்கிலி போடுகிறவர்கள் தைக்கு முன் கடைசி மூலையை எட்டிவிடலாம்.