மோட்டார் மேல பழி போடாதீங்க!

காலை ஆறு மணி. பின்கட்டில் இருக்கும் சின்னக் குளத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், அருவி மாதிரி கொட்ட வேண்டிய குழாயில் 'புஸ் புஸ்' என்று காற்றும் கொஞ்சம் தண்ணீரும் மாறி மாறி வந்தன.

"மோட்டார் போயிடுச்சும்மா. புதுசு போட்டுடலாம்" என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார் பிளம்பர். மருமகள் புது மோட்டார் விலையைப் பார்க்கத் தொடங்கினாள். மாமியார் மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரும்மா. எங்க வீட்டு அடி பம்புல வாஷர் காஞ்சு போனா தண்ணி ஏறாது. அதுக்காக பம்பையா மாத்தினோம்? மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அடிப்போம். இதுவும் எங்கேயோ காத்து வாங்குது."

"தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய ஒழுகலையே அத்தை?"

அந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஒழுகாத ஓட்டை

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தம், குளத்துத் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர் வரை ஏறலாம். நடைமுறையில் 6, 7 மீட்டர் ஏறினாலே பெரிய விஷயம்.

எனவே, குளத்திலிருந்து மோட்டார் வரை உள்ள உறிஞ்சு குழாயில் சின்ன விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போகும். இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் வாய்க்குக் காற்றுதானே வருகிறது, அதே கதைதான். மோட்டாரைத் தாண்டி மேலே போகும் குழாயில் ஓட்டை இருந்தால்தான் தண்ணீர் பீய்ச்சும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு நஷ்டம். மோட்டாருக்குள் இருக்கும் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. காற்றை மட்டும் இழுத்து ஓடினால் சூடேறிக் கெட்டுவிடும். அப்போது நிஜமாகவே பெரிய செலவு. இன்னொன்று மீன்கள். இரவு முழுவதும் செடிகளும் மீன்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் பம்ப் காலை வாரினால் மீன்கள் தாங்காது.

சொம்புத் தண்ணீர் சோதனை

மருமகள் முதலில் குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாள். அவசரத்துக்கு மீன்களுக்கு அதுவே காற்று. பிறகு இருவரும் குழாயைச் சோதித்தார்கள்.

மோட்டார் ஓடும்போது, உறிஞ்சு குழாயின் ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். உடனே சத்தம் மாறும், வெளியே வரும் குமிழிகள் குறையும். மோட்டார் மீதும் ஒயர் இணைப்பு மீதும் ஒரு துளி படக்கூடாது. மோட்டாரை ஒட்டிய இணைப்புகளுக்கு ஷேவிங் நுரையைத் தடவினால் போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்படும். காலில் ரப்பர் செருப்பு அவசியம். குளத்து மோட்டாருக்கு ஈஎல்சிபி இல்லாவிட்டால், முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

கால் வால்வு பக்கத்தில் தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வால்வு மேல்மட்டத்துக்கு அருகில் இருந்தால் சுழல் உண்டாகி, அதன் வழியாகவே காற்று போகும். குறைந்தது ஒன்றரை அடி ஆழத்தில் இருப்பது நல்லது. ஓடும்போது சரியாக இருந்து, தினமும் காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தால், முதல் சந்தேகம் கால் வால்வு மேல்தான். இலையோ மணலோ சிக்கி, வால்வு மூடாமல் தண்ணீர் இரவில் இறங்கிவிடும்.

எப்படிச் சரிசெய்வது?

எந்த வேலைக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும்.

மரை இணைப்பு என்றால், கழற்றி, பழைய டேப்பை முழுவதும் எடுத்து, துடைத்துக் காயவைத்து, மரை இறுகும் திசையிலேயே புது டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போதே பிரிந்துவிடும்.

யூனியன், வடிகட்டி மூடி போன்றவற்றில் ஓ-ரிங் இருக்கும். வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். வேஸ்லின் தடவினால் சிலவகை ரப்பர் உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் பாதுகாப்பு.

பிவிசி ஒட்டு விட்டிருந்தால் மேலே எதையாவது பூசி மெழுகுவதில் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் குழாயைக் காய்ந்த நிலையில் பசை தடவி, லேசாகத் திருகிச் சொருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓர் இரவு காயவிட்டால் நல்லது.

குழாய் குளத்திலிருந்து மோட்டார் வரை சீராக மேல்நோக்கி ஏற வேண்டும். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி வளைந்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் அங்கே காற்று தங்கிவிடும்.

அந்த வீட்டில் மூன்றாவது சொம்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மோட்டாரிலிருந்து நாலடி தள்ளி இருந்த யூனியனில் தண்ணீர் பட்டதும் 'புஸ்' சத்தம் நின்றது. கழற்றிப் பார்த்தால், வெயிலில் காய்ந்து வெடித்த ஓ-ரிங்.

கடையில் மருமகள் இரண்டு ஓ-ரிங் வாங்கினாள். ஒன்று யூனியனுக்குப் போனது. இன்னொன்றை எண்ணெய்க் கரை படியாத டப்பாவில் போட்டு சமையலறை அலமாரியில் வைத்தாள்.

"அது எதுக்கும்மா?"

"மொட்டை மாடி டேங்குக்கு ஏத்துற மோட்டாரும் ரெண்டு நாளா இதே சத்தம்தான் போடுது அத்தை. சொம்பை எடுத்துக்கிட்டு வாங்க."