கோடை வராத வருஷம்

எங்கள் வீட்டுப் பையன் சென்ற வாரம் பூகோளப் பாடத்தை உருப்போட்டுக் கொண்டிருந்தான். எரிமலை என்றால் என்ன என்பதை இருபது தடவை சொல்லி முடித்தான்.

"எரிமலை வெடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊர் எரிந்து போகும்."

"தூரத்து ஊர்?"

"அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது!" என்றான்.

பரீட்சைக்கு வராத அந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது.

இந்தோனீசியாவில் சும்பாவா என்று ஒரு தீவு உண்டு. அதிலுள்ள தம்போரா மலை 1815-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெடித்தது. முதல் முழக்கத்தைக் கேட்டு, ஜாவாவிலிருந்த பிரிட்டிஷார் எங்கோ பீரங்கி சுடுகிறார்கள் என்று எண்ணிப் பட்டாளத்தை அனுப்பினார்கள். சுமார் 4,300 மீட்டர் உயரமிருந்த மலை 2,850 மீட்டராகக் குறைந்தது. சிகரம் இருந்த இடத்தில் ஆறு கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் உண்டாயிற்று. நெருப்புக்கும், சாம்பல் மூடிய வயல்களால் வந்த பஞ்சத்துக்கும் இரையானவர்கள் பல பதினாயிரம் பேர்.

பாட புத்தகம் இங்கே நின்றுவிடுகிறது. மலையின் கதை நிற்கவில்லை. மறு வருஷம், 1816 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் வடகிழக்கே பனி பெய்து பயிர் பட்டுப் போயிற்று. மேற்கு ஐரோப்பாவில் ஓயாத மழையும் குளிரும் தானியத்தைக் கெடுத்தன. ரொட்டி விலை ஏறிற்று. பசித்தவர்கள் கலகம் செய்தார்கள். 'கோடை வராத வருஷம்' என்று சரித்திரக்காரர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ரொட்டிக்கு அலைந்த அந்த ஜனங்களுக்குத் தங்கள் பசியின் காரணம் தம்போரா என்பது தெரியாது.

இதைச் செய்தது சாம்பல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாம்பல் கனமானது, பெரும்பாலும் சீக்கிரமே கீழே விழுந்துவிடும். உண்மைக் குற்றவாளி கந்தக வாயு. அது மேகங்களுக்கும் மேலே சென்று நீராவியுடன் கூடி, மிக நுண்ணிய அமிலத் துளிகளாக மாறுகிறது. அடுப்புப் புகையை மழை கழுவிவிடும். மேகத்துக்கு மேலே இருப்பதைக் கழுவ மழை ஏது? ஆகவே அத்துளிகள் இரண்டொரு வருஷம் உலகைச் சுற்றி நின்று, சூரிய வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. 1991-ல் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பினடூபோ மலை வெடித்தபோது விஞ்ஞானிகள் இதை நேரிலேயே அளந்தார்கள். பூமியின் சராசரி உஷ்ணம் சுமார் அரை டிகிரி சென்டிகிரேட் இறங்கிற்று.

இதைக் குழந்தைகளுக்கு விளக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர், நாலைந்து சொட்டுப் பால், ஒரு டார்ச் விளக்கு போதும். இருட்டறையில் தம்ளருக்குப் பின்னாலிருந்து விளக்கைக் காட்டினேன். பையன் ஒவ்வொரு சொட்டாகப் பாலை விட்டான். வெளிச்சம் மங்கிற்று, சற்றே சிவந்தது.

"சாயங்காலச் சூரியன் மாதிரி இருக்கிறதே!" என்றான்.

பெரிய வெடிப்புகளுக்குப் பிறகு அஸ்தமன வானம் அசாதாரணமாகச் சிவப்பதும் இதனால்தான் என்றேன்.

சிறிது நேரம் யோசித்துவிட்டு, "மலை விட்ட புகை தூரத்து ஊரைக் கெடுக்குமானால், நாம் விடுகிற புகை?" என்று கேட்டான்.

உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருஷந்தோறும் விடும் கரியமில வாயுவைப் போல் பல பத்து மடங்கு மனிதர் விடுகிறோம். தம்போராவின் திரை சில வருஷங்களில் விலகிவிட்டது. நாம் விடும் வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் தங்கும். அது குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. இதைச் சொன்னேன்.

இந்தக் கேள்வியும் பரீட்சைக்கு வராது. ஆனால் அவன் அதை மறக்கமாட்டான் என்று நம்புகிறேன்.