சந்திரமதிக்கு விழுந்த விசில்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி முத்தமிழ் விழாவில் தமிழ்த்துறை மாணவர்கள் அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தை நடித்தார்கள். எங்களுடையது ஆண்கள் மட்டும் பயிலும் கல்லூரி. ஆகவே சந்திரமதி வேடத்தை இளங்கலை இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் ஏற்றான். ஒத்திகைப் பொறுப்பு என்னுடையது. "மேடைக்குள் நுழையும்போது இடுப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டு வா தம்பி. எப்படியும் விசிலடிப்பார்கள். அந்தச் சிரிப்பை முதலிலேயே தீர்த்துவிட்டால் பிறகு அமைதியாகப் பார்ப்பார்கள்" என்று அவனுக்கு யோசனை சொன்னேன். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

விழா நாளில் அவன் இடுப்பை வெட்டவில்லை. சாயம் போன நூல்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, நெடுந்தூரம் நடந்து வந்தவளைப் போலக் கால்களை இழுத்தபடி வந்தான். எதிர்பார்த்தபடியே விசில் விழுந்தது. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை எடுத்து மடியில் கிடத்தி, முந்தானை நுனியால் பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தான். அத்தோடு விசில் நின்றது. நாடகம் முடியும்வரை அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை.

திரை விழுந்த பிறகு ஒப்பனை அறைக்குப் போனோம். உடன் வந்த ஆசிரியர் ஒருவர், "அடுத்த வருஷம் பையனுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை துறை வாசலில் அவன் நின்றிருந்தான்.

"நான் சரியாகச் செய்யவில்லையா ஐயா?"

"நன்றாகத்தானே செய்தாய்?"

"அப்புறம் எதற்கு ஐயா சிரித்தீர்கள்?"

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓராண்டு கழித்து எழுதும் இக்கட்டுரைதான் அந்தப் பதில்.

ஓர் ஆண் உடலில் பெண் தோற்றத்தை உண்டாக்குவது எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சேலையும் சவுரியும் கொஞ்சம் பவுடரும் போதும் என்பது பொதுக் கருத்து. அந்த மாணவன் மூன்று வாரம் உழைத்ததை அருகிலிருந்து பார்த்த பிறகே அது எவ்வளவு பெரிய பாடம் என்பது எனக்கு விளங்கியது. எவ்வளவு நெருக்கமாக மழித்தாலும் தாடையில் பச்சை படரும். அதன்மீது நேரே வெண்மை பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடும். முதலில் மெல்லிய சிவப்புப் பூச்சால் அந்தப் பச்சையை அடக்கிவிட்டுத்தான் மேற்பூச்சுக்குப் போக வேண்டும். குரல்வளைப் புடைப்பைக் கழுத்தோடு ஒட்டிய அட்டிகை மறைக்கும். தோளின் அகலத்தை இழுத்துப் போர்த்திய முந்தானை குறைத்துக் காட்டும். ஒடுங்கிய இடுப்புக்குப் பழந்துணியை மடித்துக் கட்டி, அதன்மேல் கொசுவத்தைச் செருக வேண்டும்.

இவை கூத்திலும் நாடகத்திலும் தலைமுறைகளாகக் கைமாறி வந்த நுட்பங்கள். ஒப்பனை என்பதற்கே நாம் வழங்கும் ‘அரிதாரம்’ என்ற சொல் உண்மையில் ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். முத்துவெள்ளை, செந்தூரம், மை என்று அந்தக் காலத்து வண்ணங்களின் பெயர்களும் அழகானவை. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்து பாதி வேலையைத்தான் முடிக்கும். மீதிப் பாதி நடையிலும் கையிலும் கண்ணிலும் இருக்கிறது.

முதுகலை படித்த நாட்களில், சிறுவயதில் வள்ளியாக நடித்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அப்போது அவருக்கு எழுபது வயதைக் கடந்திருக்கும். பெண் வேடத்தை எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். எழுந்து போய் ஒரு வெறுங்குடத்தை எடுத்து வந்தார். "எல்லாரும் குடத்தை இடுப்புல வைப்பான் தம்பி. அது தப்பு. இடுப்பக் குடத்துக்குக் குடுக்கணும்" என்று சொல்லிச் சற்றே சாய்ந்து நின்றார். வேட்டி கட்டிய, நரைத்த மீசையுள்ள அந்தக் கிழவர் அக்கணத்தில் தண்ணீர் எடுத்துத் திரும்பும் ஒரு பெண்ணாக இருந்தார். யாரைப் பார்த்துக் கற்றார் என்று விசாரித்தேன். நாத்து நட்டுவிட்டுக் கரையேறும் தன் தாயைப் பார்த்தாராம்.

தமிழ் நாடக மேடைக்கு இத்தகைய கவனிப்பு புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும் அதைப் போன்ற பிற பாய்ஸ் கம்பெனிகளிலும் சிறுவர்களே சந்திரமதியாகவும் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட் அவர்களை விட்டுப் போய்விடும். சிவாஜி கணேசனும் அப்படியொரு கம்பெனியில் சீதையாக நின்றவர்தான். சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையோ படித்தவர்களின் சபை. அங்கும் பம்மலாருக்கு இணையாகப் பெண் வேடங்களில் நடித்துப் புகழ்பெற்றவர் சி. ரங்கவடிவேலு என்னும் ஆண்தான். முப்பது வயதை ஒட்டிய டி.கே. சண்முகம் கூன் விழுந்த மூதாட்டியாக மேடையேறி, ‘அவ்வை’ என்ற பட்டத்தைத் தம் பெயருக்கு முன்னால் ஆயுள் முழுதும் தாங்கினார். அந்தப் பட்டத்தை யாரும் கேலியாகச் சொன்னதில்லை.

பிற மாநிலங்களிலும் இதே நிலைதான். மராத்தி மேடையின் பால கந்தர்வர் கட்டிய சேலைப் பாங்கைக் குடும்பப் பெண்கள் பின்பற்றினார்கள். குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா சத்தியபாமையாகத் திரைக்கு மேல் பின்னலைத் தூக்கிப் போடும் அந்த ஓர் அசைவிலேயே பாமையின் செருக்கு முழுவதும் அவைக்கு விளங்கிவிடும்.

இன்னும் பின்னால் போகலாம். மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று ‘பேடு’. வாணனின் நகரில் காமன் பேடிக் கோலம் பூண்டு ஆடியது அது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத் தெருவில் அதே கோலத்தில் ஒருவர் ஆட, மக்கள் கூடிநின்று பார்க்கிறார்கள். சாத்தனார் அந்தக் கோலத்தை அங்கம் அங்கமாக வருணிக்கிறார். சுருண்ட தாடி இருக்கிறது. கூடவே பூச்சூடிய கூந்தலும் இருக்கிறது. காதில் வெள்ளித்தோடு, பவளம் போன்ற வாய், எழுதிய வரிக்கோலம். தாடியையும் பூவையும் அடுத்தடுத்து வைத்த அந்தப் புலவர் இரண்டுக்கும் நடுவே ஓர் எள்ளற்சொல்லைக்கூட வைக்கவில்லை. தெருவில் காணத்தக்க அழகுகளுள் ஒன்றாக அதைச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். தொல்காப்பியமும் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தோரை உயர்திணையிலேயே வைத்தது. ஆனால் ‘பேடி’ என்ற சொல் இன்று நம் வாயில் என்னவாக வழங்குகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புகாரில் வேடிக்கையாக இருந்தது பிற்காலத்தில் வேறொரு நிலத்தில் குற்றமானது. ஆங்கிலேயர் 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ‘அலிகள்’ எனப் பதிவு செய்யப்பட்டோர் பெண்ணுடையிலோ பெண்ணணியிலோ பொதுவெளியில் தோன்றினால் ஈராண்டுவரை சிறை என்றது. வட இந்தியாவின் சில மாகாணங்களில் அது செயற்படுத்தப்பட்டது. சட்டம் போய்விட்டது. அதன் பார்வை போய்விட்டதா என்பது ஐயமே.

நம் சினிமாவைப் பாருங்கள். ‘ஆணழகன்’ (1995), ‘அவ்வை சண்முகி’ (1996), ‘ரெமோ’ (2016) ஆகிய படங்களில் நாயகர்கள் பெண் வேடம் தரிக்கிறார்கள். ஒப்பனைத் திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. ‘அவ்வை சண்முகி’யின் மாமி தமிழ்த் திரை கண்ட மிகச் சிறந்த ஒப்பனைகளுள் ஒன்று. ஆனால் இந்த வகைப் படங்களில் வேடம் ஒரு தந்திரம். வாடகைக்கு வீடு பிடிக்க, மகளைக் காண, காதலியை அடைய என்று ஒரு காரியம் இருக்கும். காரியம் முடிந்ததும் சவுரி கழன்றுவிடும். அரங்கு அதிகம் சிரிப்பது சேலைக்குள்ளிருந்து ஆண் எட்டிப் பார்க்கும் கணங்களில். அந்தச் சிரிப்பு, ‘கவலைப்படாதீர்கள், உள்ளே இருப்பவன் ஆண்தான்’ என்று பார்வையாளருக்குத் தரப்படும் உறுதிமொழி. நான் மாணவனிடம் இடுப்பை வெட்டச் சொன்னதும் அதே உறுதிமொழிக்காகத்தான்.

அந்த உறுதிமொழி நமக்கு ஏன் தேவைப்படுகிறது? 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடம் பூண்ட பெண்ணை நாம் துணிச்சல்காரி என்போம். சட்டையும் காற்சட்டையும் அணிந்து வகுப்புக்கு வரும் மாணவியை இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓர் ஆண் சேலை கட்டினால் மட்டும் சிரிப்பு வருகிறது. மேலே ஏறியவளைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. கீழே இறங்கியவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அப்படியானால் பெண் என்பது ஓர் இறக்கம் என்று நம் மனம் முன்பே முடிவு கட்டி வைத்திருக்கிறது. ஒப்பனை அறையில் எழுந்த சிரிப்பு அந்த மாணவனை மட்டும் இழிவுபடுத்தவில்லை. அவன் அத்தனை சிரத்தையோடு கவனித்து மேடைக்குக் கொண்டுவந்த பெண்களையும் சேர்த்தே இழிவுபடுத்தியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. பெண்களை மேடையேற விடாமல் தடுத்துவிட்டு, அவர்கள் இடத்தில் ஆண்கள் நின்றதை எப்படிக் கொண்டாடலாம் என்று பெண்ணியத் தோழிகள் கேட்பார்கள். ஆண் கற்பனை செய்த நளினத்தை மேடையில் காட்டி, ‘இதுதான் பெண்மை’ என்று பெண்களுக்கே பாடம் நடத்தினார்கள் என்பதும் உண்மை. பால கந்தர்வரின் சேலைப் பாங்கைப் பெண்கள் பின்பற்றியதை இந்தக் கோணத்திலும் வாசிக்க வேண்டும். நடிக்கப் பெண்கள் இல்லை என்ற சாக்கும் முழு உண்மையன்று. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தியிருக்கிறார். ஆகவே அந்த மரபை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் இருக்குமிடத்தில் பெண்களே நடிக்கட்டும். ஆனால் ஓர் ஆண் பெண்ணாகத் தோன்ற விரும்பும்போது, அவன் உற்றுக் கவனித்துக் கற்கிறானா அல்லது பழிப்புக் காட்டுகிறானா என்று பிரித்தறியும் கண்ணாவது நமக்கு வேண்டும். நாத்துக்கட்டோடு கரையேறிய தாயை நினைவில் வைத்திருந்த கிழவரையும், மார்பில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிக்கொண்டு ஆண்டு விழாவில் ஆடும் பையனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மேடை என்ற சாக்கும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஆளில்லாத பொழுதில் கதவைச் சாத்திக்கொண்டு, சேலை கட்டி, பொட்டு வைத்து, கண்ணாடி முன் சற்று நேரம் நின்றுவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேலைக்குப் போகும் ஆண்கள். இவர்களுள் சிலர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து, பின்னாளில் திருநங்கையராக வெளிப்படுகிறார்கள். மற்றவர்கள் ஆண்களாகவே வாழ்கிறார்கள். அந்த உடையும் அந்தத் தோற்றமும் அவர்களுக்கு ஆறுதலாகவோ மகிழ்ச்சியாகவோ இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இரு சாராருக்கும் செய்யும் அநீதி. நீ எந்த வகை என்று நாம் கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ கதையில் பெண்களோடு பெண்ணாகப் புழங்கும் அந்தச் சமையற்காரருக்குக் கி.ரா. எந்தப் பெயர்ச்சீட்டையும் ஒட்டவில்லை. ஒரு மனிதரின் ஆசையாக மட்டும் அதைப் பார்த்தார். இலக்கியம் படித்த நாம் அந்த அளவுக்காவது வளர்ந்திருக்க வேண்டாமா?

எங்கள் மாணவன் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. சென்ற மாதம் அவனைத் துறைக்கு அழைத்து, "அன்றைக்கு நான் சிரித்தது தவறு தம்பி" என்றேன். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. "பரவாயில்லை ஐயா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான். இந்த ஆண்டு நாடகத்தில் என்ன வேடம் வேண்டும் என்று கேட்டேன். வேடம் எதுவும் வேண்டாம், ஒப்பனை வேலையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

என் சிரிப்பு ஒரு நல்ல சந்திரமதியை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. அடுத்த முறை உங்கள் கல்லூரி மேடையிலோ தெருவிலோ சேலை கட்டிய ஓர் ஆணைக் கண்டு சிரிப்பு வந்தால், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எனக்கு ஓராண்டு ஆயிற்று.