செம்போத்துக் கூட்டில் சஞ்சீவி இருக்கிறதா?

மழை விட்ட ஒரு காலை. எங்கள் ஊர் வாய்க்கால் ஓரத் தாழம்புதர் பக்கம் மூன்று பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் கட்டுக்கம்பி.

"எதுக்குடா இது?" என்றேன்.

"செம்போத்துக் குஞ்சோட காலை உடைச்சுக் கட்டிப் போடணும் மாமா. தாய்ப்பறவை சஞ்சீவி வேர் கொண்டாந்து வச்சுக் குணமாக்கிரும். அப்புறம் கூட்டைப் பிரிச்சுத் தண்ணியில விட்டா, எந்தக் குச்சி எதிர்த்துப் போகுதோ அதான் வேர். தாத்தா சொன்னாரு."

நானும் சின்ன வயதில் கேட்ட கதைதான். வெளியே கிளம்பும்போது செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்றும் சொல்வார்கள். அதே பறவையின் குஞ்சுக்குத்தான் இந்தக் கதி!

செம்பகம், செண்பகம் என்றும் இதைச் சொல்வதுண்டு. கரிய உடல், செம்பழுப்பு இறக்கை, ரத்தச் சிவப்புக் கண். குயில் குடும்பம்தான். ஆனால் குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடாது. இலை, குச்சிகளைக் கொண்டு பந்து போலச் சொந்த வீடு கட்டும். பக்கவாட்டில் வாசல். கூடு கட்டுவதில் பெரும்பங்கு ஆண் பறவைக்குத்தான். 15 நாள் போல அடைகாக்க வேண்டும். பொரித்த குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் மூன்று வாரம். நத்தை, வெட்டுக்கிளி, ஓணான், சின்னப் பாம்பு எல்லாம் இதற்கு இரை. வயலுக்கு நல்ல காவல்காரன்.

"சரி, முதல்ல ஒரு சோதனை" என்று, கீழே கிடந்த வேப்பங்குச்சியை மதகுக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். கரையோரச் சுழலில் சிக்கிய குச்சி, ஓட்டத்துக்கு எதிராக மேலே ஏறியது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். புளியங்குச்சி, தென்னை ஈர்க்கு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். சுழலில் மாட்டியதெல்லாம் எதிர்த்துப் போனது.

"அப்ப எல்லாமே சஞ்சீவியா மாமா?" என்றான் சின்னவன்.

மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கம்பி டவுசர் பைக்குள் போனது.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்பறவையைப் பிடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். ஆனால் அன்று குஞ்சுகளைக் காப்பாற்றியது சட்டம் இல்லை, ஒரு வேப்பங்குச்சி. உங்கள் வீட்டுத் தாத்தா இந்தக் கதையைச் சொன்னால், தடுக்காதீர்கள், கதை அழகானது. முடிந்ததும் பேரனை வாய்க்காலுக்குக் கூட்டிப் போய் ஒரு குச்சியைப் போடச் சொல்லுங்கள்.