குடலில் கிடைத்த மருந்து

செரட்டோனினை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது அனுப்புகிறார்கள். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே என் மனைவியின் கீமோ நாட்கள்தான் நினைவுக்கு வரும்.

உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. கீமோ மருந்து பட்டதும் குடல் செல்கள் அதைக் கொட்டுகின்றன. அது நரம்பு நுனியிலுள்ள ஏற்பியில் போய் ஒட்டினால் வாந்தி. அந்த ஏற்பியை அடைத்துவிடுவதுதான் ஒன்டான்செட்ரான். மருந்துக்கடையில் ‘எமசெட்’ என்று கேட்போமே, அதேதான்.

1957-ல் எடின்பரோவில் காடம், பிக்கரெல்லி என்ற இருவர் கினிப்பன்றியின் குடல்துண்டை வைத்து, செரட்டோனினுக்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு என்று காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியில் பிறந்த இந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1991-ல். 34 வருஷம்! இன்று தெரிந்த ஏற்பிகள் 14 வகை. ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் வேலை செய்வது வேறு வகையில். இன்னும் எத்தனை மருந்துகள் காத்திருக்கின்றனவோ.

‘இதனால் உடனே என்ன பயன்?’ என்று கேட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கினிப்பன்றிக் குடலுக்கு அன்று யார் என்ன பயன் சொல்லியிருக்க முடியும்?

முதல் கீமோ முடிந்து மூலக்குளம் வீட்டுக்கு வந்ததும், வாந்தியெடுக்க ஒரு பேசினைக் கட்டிலடியில் வைத்தேன். அன்றிரவு அவள் ரசஞ்சாதம் கேட்டாள்.